வீடியோ ஏற்றுவதற்கு முன்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோயில் திருவிழா, கூத்து, வயல் வேலை, வீட்டுச் சமையல் என்று எதை எடுத்தாலும் புதிதாக வீடியோ போடுகிறவர்கள் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: "போனில பார்க்கக்குள்ள நல்லாத்தான் இருந்தது, ஏத்தினாப்பிறகு மங்கிப் போச்சு." பழி யூடியூப்பின் மேல் விழும், இல்லாவிட்டால் போனின் மேல் விழும். ஆனால் அந்த வீடியோ யூடியூப்பைச் சேர்வதற்கு முன்பே மூன்று தடவை நசுங்கியிருக்கும். தம்பி எடுத்து வட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்பியபோது ஒரு தடவை. அண்ணன் ஒரு செயலியில் வெட்டிச் சேமித்தபோது இன்னொரு தடவை. பெயர் போடுவதற்காக வேறொரு செயலியில் திறந்து மறுபடி சேமித்தபோது மூன்றாம் தடவை.

யூடியூப், பேஸ்புக், டிக்டொக் எல்லாமே நாம் கொடுக்கும் வீடியோவைத் தங்கள் வசதிக்கு மீண்டும் சுருக்கும். அதை யாராலும் தடுக்க முடியாது. அதற்கு முன் எத்தனை தடவை சுருங்குகிறது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. இரண்டு தடவை பிழிந்த தேங்காய்ப்பூவில் இருந்து முதற்பால் எடுக்க முடியாது. வட்ஸ்அப்பில் வந்த பிரதியை எந்தச் செயலியில் போட்டு "எச்டி" ஆக்கினாலும் அதே கதைதான்.

எடுக்கும்போதே

போன் கெமராவின் செட்டிங்கில் படத் தெளிவு 1080பி, செக்கனுக்கு 25 அல்லது 30 பிரேம் (தனிப்படம்) என்று வைத்தால் போதும். பிறகு எடிட் செய்யும்போது ஒரு பகுதியை மட்டும் பெருப்பித்துக் காட்ட நினைப்பவர்களுக்கு 4கே உதவும். மற்றவர்களுக்கு மெமரி நிறைவதுதான் மிச்சம். அறுகம்பேயில் அலைச்சறுக்கு எடுத்து மெதுவாக ஓடவிடப் போகிறீர்கள் என்றால் 60 பிரேம் வையுங்கள். இறால் கறி கொதிப்பதற்கு 60 பிரேம் எதற்கு?

படுக்கையாகவா நிமிர்த்தியா என்பதை முதலே முடிவு செய்யுங்கள். யூடியூப்பில் நீளமான வீடியோ என்றால் போனைப் படுக்கையாகப் பிடிக்க வேண்டும். ஷோர்ட்ஸ், ரீல்ஸ், டிக்டொக் என்றால் நிமிர்த்திப் பிடியுங்கள், அளவு 1080க்கு 1920. நிமிர்த்தி எடுப்பவர்கள் முக்கியமான எதையும் வலது ஓரத்திலும் அடிப்பகுதியிலும் விடக்கூடாது. விருப்பம் தெரிவிக்கும் பொத்தான்களும் தலைப்பும் அந்த இடத்தைத்தான் மறைக்கும். யூடியூப் ஷோர்ட்ஸ் 2024 ஒக்டோபர் நடுப்பகுதியில் இருந்து மூன்று நிமிடம் வரை போகலாம்.

ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் விளக்கு செக்கனுக்கு 100 தடவை மினுங்குகிறது. நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கெமராவுக்குத் தெரியும். கெமராவில் "ப்ரோ" முறை இருந்தால் ஷட்டரை, அதாவது ஒரு பிரேமுக்குக் கெமரா வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 செக்கன் என்று பூட்டிவிடுங்கள், பட்டை நின்றுவிடும். ஐபோனில் கெமரா செட்டிங்கில் பால் (PAL) என்ற வீடியோ முறையைக் காட்டச் சொல்லி 25 பிரேமைத் தெரிவு செய்யலாம். கோயில் சோடனைக்குக் கட்டும் மலிவான எல்இடி மாலைகள் சில இதற்கும் மசியாது. அவற்றை நேரே பார்க்காத கோணத்துக்கு நகர்ந்துவிடுவது நல்லது.

வெளியில் எடுப்பவர்கள் சூரியனை நினைவில் வைத்திருங்கள். வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, மேற்கே படும் பக்கம் படுவான்கரை என்று நம்மவர்கள் பெயர் வைத்ததே திசை காட்டத்தான். காலையில் கடற்கரைப் பக்கம் திரும்பியும் மாலையில் வாவிக்கு மேலே படுவான்கரைப் பக்கம் திரும்பியும் ஆளை எடுத்தால் முகம் கறுத்துத்தான் வரும். கல்லடிப் பாலத்தில் மாலையில் பேசி எடுக்கிறீர்கள் என்றால், பேசுகிறவர் முகத்தில் வெயில் விழ, உங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கட்டும். திரையில் முகத்தைத் தொட்டு விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் குவியமும் பூட்டிக்கொள்ளும். இடையில் ஒரு பஸ் குறுக்கே போனாலும் படம் துள்ளாது.

சத்தம்தான் முக்கால்வாசி வேலை

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஆட்கள் பார்ப்பார்கள். சத்தம் சரியில்லை என்றால் அரை நிமிடத்தில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனாலும் புதியவர்கள் முதலில் காசு போடுவது விளக்குக்கும், ஆட்டம் தெரியாமல் போனைத் தாங்கும் கிம்பலுக்கும்தான். என்னைக் கேட்டால் முதல் காசு மைக்குக்குப் போக வேண்டும். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று போதும்.

கூத்து எடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம், அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன். கூத்தாடும் வட்டக்களரியைச் சுற்றி நான்கு பக்கமும் சனம் இருக்கும். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்துடன் களரிக்குள்ளே நிற்பார். கூத்தர் காலில் சதங்கை, ஒரு பக்கம் பிற்பாட்டு, மேலே கம்பத்தில் ஒலிபெருக்கி. போனை ஒலிபெருக்கிக்குக் கீழே பிடித்துக்கொண்டு எடுத்தால் என்ன ஆகும்? போன் சத்தத்தின் அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும். மத்தளத்தில் ஓங்கி ஓர் அடி விழுந்ததும் பயந்து குறைத்துவிடும். அது மறுபடி கூட்டுவதற்குள் பாட்டில் பாதி வரி போய்விடும், அடுத்த அடி விழும், திரும்பவும் குறையும். இப்படி எடுத்த ஒரு வடமோடிக் கூத்தைப் பார்த்துவிட்டு ஒரு மூத்த அண்ணாவியார் கேட்டார்: "மத்தளம் மட்டும்தான் கேக்குது, பாட்டு எங்க மனே?"

இதற்கு எளிய வழி இரண்டாவது போன். ஒன்றில் படம் எடுங்கள். மற்றதை பிளைட் மோடில் போட்டு, ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து, பிற்பாட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கியின் வாய்க்கு எதிரே இல்லாமல் வையுங்கள். பதிவுச் செயலியில் தானியங்கி அளவை நிறுத்த வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். கூத்து தொடங்கும் முன் அண்ணாவியாரிடம் கேட்டு மத்தளத்தை அவர் அடிக்கக்கூடிய உச்சத்தில் ஒரு தரம் அடிக்கச் சொல்லுங்கள். அந்த அடிக்குச் செயலியின் ஒலி மீட்டர் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் நின்றால் அளவு சரி. சுழியத்தைத் தொட்டால் கரகரக்கும், பிறகு எந்த எடிட்டிலும் அதைத் திருத்த முடியாது. ஒலிபெருக்கிக்காரர் தெரிந்தவர் என்றால் மிக்சரில் இருந்து ஒரு வயர் இழுத்துத் தரச் சொல்லுங்கள், அது இன்னும் நல்லது.

இரண்டு பதிவும் ஓடத் தொடங்கியதும் கெமராவுக்கு முன்னால் ஒரு தரம் கையைத் தட்டுங்கள். எடிட் செய்யும்போது படத்தில் கை சேரும் இடத்தையும் ஒலியில் கூர்முனை தெரியும் இடத்தையும் ஒன்றாக வைத்தால் இரண்டும் பொருந்திவிடும்.

கடற்கரையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மைக்குக்கு மேல் மயிர்த் தொப்பி கட்டாயம். அது இல்லை என்றால் பேசுகிறவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கட்டும், மைக்கைச் சட்டைக்கு உள்பக்கம் குத்திவிடுங்கள்.

முடிந்த வீடியோவின் சத்தம் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கிட்ட இருப்பது நல்லது. யூடியூப் அதற்கு மேல் கூடிய சத்தத்தைக் குறைக்கும், ஆனால் குறைந்த சத்தத்தைக் கூட்டித் தராது. போன் செயலிகளில் இந்த மீட்டர் பெரும்பாலும் இல்லை. சரி, அப்படியானால் நன்றாகத் தயாரித்த ஒரு பேச்சு வீடியோவை யூடியூப்பில் ஓடவிட்டு, வொல்யூமைத் தொடாமல் உங்களுடையதை ஓடவிட்டுப் பாருங்கள். காதே சொல்லிவிடும்.

போனில் இருந்து கணினிக்கு

எடுத்த கோப்பை கேபிள் போட்டு மாற்றுங்கள், அல்லது கூகுள் டிரைவில் போடுங்கள். வட்ஸ்அப்தான் வசதி என்றால் வீடியோவாக அனுப்பாமல் டொகியூமென்ட் என்று தெரிவு செய்து அனுப்புங்கள். 2 ஜிபி வரை சுருங்காமல் போகும்.

எடிட் செய்ய கப்கட், விஎன், இன்ஷொட் எதுவும் சரி. கணினி இருந்தால் டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு, ஷொட்கட், கேடென்லைவ். எந்தச் செயலி என்பதைவிட, வெட்டுவது, பெயர் போடுவது, சத்தம் சேர்ப்பது எல்லாவற்றையும் ஒரே செயலியில் முடித்து ஒரே ஒரு தடவை சேமிப்பது முக்கியம்.

எடிட் செய்யும்போது வாய் அசைவும் சத்தமும் போகப் போக விலகினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் போன்தான். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப அது பிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே எடுக்கும், சில எடிட்டிங் மென்பொருள்களுக்கு அது பிடிக்காது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, வீடியோப் பக்கத்தில் பிரேம் வேகம் மாறாமல் இருக்கும் தெரிவை எடுத்து, தர அளவை 18 என்று வைத்து மாற்றுங்கள். இந்த எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். இதுவும் ஒரு சுருக்கல்தான் என்பதால் சத்தம் விலகினால் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

சேமிக்கும்போது வைக்க வேண்டிய எண்கள்

கோப்பு எம்பி4, வீடியோ எச்.264, ஒலி ஏஏசி, 48 கிலோஹேர்ட்ஸ். யூடியூப் தானே பரிந்துரைக்கும் சேர்க்கை இது, மற்றத் தளங்களும் மறுக்காமல் வாங்கும். எந்த வேகத்தில் எடுத்தீர்களோ அதே வேகத்தில் சேமியுங்கள். 25இல் எடுத்ததை 30 ஆக்கினால் கெமரா பக்கவாட்டில் திரும்பும்போது படம் இடறும்.

பிட்ரேட், அதாவது ஒரு செக்கன் வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா, என்று ஒரு பெட்டி வரும். புதியவர்கள் பலர் அதைத் தொடுவதே இல்லை. சாதாரண பிரேம் வேகத்தில் 1080பிக்கு செக்கனுக்கு 8 மெகாபிட், 720பிக்கு 5 மெகாபிட் என்பது யூடியூப்பின் பரிந்துரை. 1080பியை 60 பிரேமில் எடுத்திருந்தால் 12 மெகாபிட். இதைவிடக் குறைத்தால் சதங்கை கட்டிய கால் சுழலும் இடத்திலும் வாவித் தண்ணீர் அலையும் இடத்திலும் சதுரம் சதுரமாக உடையும். 50 மெகாபிட் என்று கூட்டினாலும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, உங்கள் டேட்டா மட்டும் கரையும்.

எவ்வளவு கரையும் என்று கணக்குப் பாருங்கள். செக்கனுக்கு 8 மெகாபிட் என்றால் 1 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு 60, பத்து நிமிட வீடியோவுக்கு 600 மெகாபைட். உங்கள் இணைப்பின் அப்லோட் வேகம் 2 மெகாபிட் என்றால் அது ஏற 40 நிமிடம் பிடிக்கும். டவுன்லோட் வேகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அப்லோட் அதைவிட மிகக் குறைவாகத்தான் இருக்கும். இரவுக்கென்று தனி டேட்டா தரும் பொதி உங்களிடம் இருந்தால் நடுச்சாமத்துக்குப் பிறகு ஏற்றுங்கள். அந்நேரம் நெரிசலும் குறைவு. முதலில் "பிரைவேட்" என்று ஏற்றிவிட்டு, வெளியிடும் நேரத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

1080பி வீடியோவை 1440பி அளவுக்குப் பெருப்பித்து ஏற்றினால் யூடியூப் நல்ல முறையில் சுருக்கும் என்று சிலர் செய்வதுண்டு. வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்குப் பரிந்துரை 16 மெகாபிட், அதாவது இரண்டு மடங்கு டேட்டா. எனக்கு அது கட்டுப்படியாகும் வேலையாகத் தெரியவில்லை.

இன்னொன்று, புதுச் சனலில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. தொலைபேசி எண்ணைக் கொடுத்து உறுதி செய்தால் 12 மணி நேரம் வரை ஏற்றலாம். விடியவிடிய நடந்த கூத்து முழுவதும் அதற்குள் அடங்கும்.

தமிழ் எழுத்து உடையாமல் இருக்க

நம் பக்கத்து அச்சகங்களிலும் ஸ்டூடியோக்களிலும் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் நிறையப் பேர். படத்துக்குள் எரித்துப் போடும் எழுத்துக்குப் பாமினி பரவாயில்லை. அதைக் கொண்டுபோய் யூடியூப் தலைப்பில் ஒட்டினால் "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும், தேடுகிறவருக்கும் அகப்படாது. தலைப்பு, விவரம், சப்டைட்டில் மூன்றும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில்தான் இருக்க வேண்டும். போனில் தமிழ்க் கீபோர்ட்டால் அடிப்பது எல்லாம் யூனிகோட்தான். பாமினியில் இருப்பதை மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு.

சில எடிட்டிங் செயலிகள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும், "கொக்கட்டிச்சோலை" பார்க்கச் சகிக்காது. எழுத்துருவை மாற்றியும் சரிவராவிட்டால் எழுத்தை வேறு செயலியில் படமாக அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து, வீடியோவுக்கு மேலே வைத்துவிடுங்கள்.

சப்டைட்டிலை நோட்பேடிலேயே எழுதலாம். வரிசை எண், நேரம், வசனம், பிறகு ஒரு வெற்று வரி, இவ்வளவுதான்:

1
00:00:05,000 --> 00:00:08,500
சபையோருக்கு வணக்கம்.

சேமிக்கும்போது பெயரின் முடிவில் எஸ்ஆர்டி (.srt) என்ற நீட்சியை ஆங்கிலத்தில் போட்டு, குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று தெரிவு செய்யுங்கள். அதை மறந்தால் தமிழ் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும். பேஸ்புக்கில் நிறையப் பேர் சத்தம் இல்லாமலேயே தள்ளிப் பார்ப்பார்கள் என்பதால் அங்கே போடும் சிறிய வீடியோக்களில் எழுத்தைப் படத்துக்குள்ளேயே போட்டுவிடுவது நல்லது.

தலைப்பு, முகப்புப் படம், நேரம்

தலைப்புக்கு 100 குறிகள் இடம் உண்டு, ஆனால் தமிழில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். "மட்டக்களப்பு" நமக்கு எட்டு எழுத்து. புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு அது 12. ஆகவே முக்கியமான சொற்கள் முதலில் வரட்டும். போனில் தலைப்பின் முன்பாதிதான் கண்ணில் படும்.

சனம் எப்படித் தேடும் என்று யோசித்து எழுதுங்கள். "அருள்மிகு ஸ்ரீ மாமாங்கேஸ்வரர் ஆலய வருடாந்த மகோற்சவ" என்று நோட்டீஸில் அடிப்பதுபோல் தொடங்கினால் தலைப்பு அங்கேயே முடிந்துவிடும். ஊரார் தேடுவது "மாமாங்கம் தீர்த்தம்". அதை முதலில் போட்டு, பின்னால் ஆண்டைச் சேருங்கள், ஏனென்றால் ஆடி அமாவாசை ஒவ்வொரு வருடமும் வரும். ஊர்ப் பெயரை ஆங்கிலத்திலும் விவரப் பகுதியில் ஒரு தடவை எழுதிவிடுங்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் அப்படித்தான் தேடுகிறார்கள். டாக் (குறிச்சொல்) பெட்டியில் நேரத்தை வீணாக்க வேண்டாம், தேடலில் அதன் பங்கு மிகக் குறைவு என்று யூடியூப்பே சொல்கிறது.

முகப்புப் படம் 1280க்கு 720, 2 எம்பிக்குள் இருக்கட்டும். ஒரு முகம், நான்கைந்து சொல், போதும். கீழே வலது மூலையில் எழுத்து வேண்டாம், வீடியோவின் நீளம் அங்கேதான் வந்து உட்காரும். எழுத்து வாசிக்க முடிகிறதா என்று போனைக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள்.

கூத்து போன்ற நீளமான வீடியோக்களுக்கு விவரப் பகுதியில் நேரக் குறிப்பு எழுதுங்கள். 0:00 காப்பு, 4:10 கட்டியகாரன் வரவு, 12:30 அரசன் வரவு என்று வரிசையாகப் போட்டால் யூடியூப் தானாக அத்தியாயம் பிரித்துவிடும். முதல் குறிப்பு 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 செக்கனுக்குக் குறையக்கூடாது. தன் மகன் ஆடிய பகுதியை மட்டும் பார்க்க விரும்பும் தாய்க்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

ஊர் வீடியோக்களைப் பார்ப்பவர்களில் சுவிஸ், லண்டன், கனடாவில் இருப்பவர்கள் கணிசம். கோடையில் சுவிஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. அங்கே வேலை முடிந்து ஏழு மணிக்கு உட்காரும்போது இங்கே இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. அந்த நேரத்துக்கு வெளியாகும்படி குறித்துவிட்டு நீங்கள் தூங்கலாம்.

பாட்டும் அனுமதியும்

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் பாட்டைத் தானாக அடையாளம் காணும் யூடியூப்பின் கண்டெண்ட் ஐடி முறை பிடித்துவிடும். அப்படிப் பிடித்தால் பெரும்பாலும் விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், சில வேளை வீடியோ தடைபடும். உரிமையாளர் முறைப்பட்டு விழும் காப்புரிமை ஸ்ட்ரைக் வேறு: 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சனலே போய்விடும். திருவிழா எடுப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நீங்கள் எதையும் சேர்க்காவிட்டாலும் கோயில் ஒலிபெருக்கியில் ஓடும் பக்திப் பாட்டு பதிவில் விழுந்துவிடும், அதுவும் பிடிபடும். பாட்டு நின்று மேளம் தொடங்கும் நேரத்தில் எடுங்கள், அல்லது அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்து நீங்கள் பேசிச் சேருங்கள். பின்னணி இசை வேண்டும் என்றால் யூடியூப் ஸ்டூடியோவிலேயே இலவச ஒலி நூலகம் இருக்கிறது.

கோயிலுக்குள் எடுக்க, கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கண்ணகி அம்மன் சடங்கில் தெய்வம் ஆடுபவர்களை நெருங்கி எடுப்பது பல ஊர்களில் பிடிக்காது. கூத்தை முழுமையாகப் போடுவதற்கு அண்ணாவியாரின் சம்மதம் வேண்டும், அவர் பெயரையும் கூத்தர் பெயர்களையும் விவரத்தில் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகம் தெரிகிறது என்றால் பெற்றோரைக் கேட்காமல் போடாதீர்கள். ட்ரோன் பறக்க விடுவதாக இருந்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஏற்றிய பிறகு

ஏற்றி முடிந்த உடனே பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். யூடியூப் முதலில் சிறிய அளவைத் தயார் செய்யும், 1080பி பிறகுதான் வரும், நீளமான வீடியோவுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். பிரைவேட்டாக ஏற்றி வைத்து, 1080பி வந்த பிறகு, வேறொரு போனில், ஹெட்போன் இல்லாமல் ஒரு தரம் முழுதாகப் பாருங்கள். பிழை இருந்தால் இந்த இடத்தில் திருத்துங்கள். வெளியிட்டபின் அதே இணைப்பில் வேறு கோப்பை மாற்றி வைக்க முடியாது. ஸ்டூடியோவுக்குள் ஒரு துண்டை வெட்டலாம், ஒரு முகத்தை மங்கலாக்கலாம், பிடிபட்ட பாட்டை எடுக்கலாம். அதற்கு மேல் என்றால் அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டியதுதான், அதுவரை விழுந்த பார்வைகளும் கருத்துகளும் அதோடு போய்விடும்.